பிரேக் பிடித்தது நான்

அவளைத் தெரு முழுக்கப் பிரேக்கம்மா என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேரே மேடம்.

வண்டி ஓட்ட லைசென்ஸ் கேட்டு வருகிறவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து பரீட்சை வைப்பது அவள் வேலை. இருபத்தாறு வருடமாக அதே இருக்கை. அந்தக் காரில் அவள் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. ஓட்டுகிறவர் கோட்டை விட்டால் இவள் மிதிப்பாள். மிதித்துவிட்டால் பரீட்சை அத்தோடு சரி. பாரத்தின் அடியில் அதற்கென்றே ஒரு கட்டம் இருந்தது: 'பிரேக் பிடித்தது பரீட்சகர்.' அதில் ஒரு டிக் போடுவாள். பிறகு பென்சிலால் அட்டையில் இரண்டு தட்டு. டக் டக். முடிந்தது, இறங்கலாம் என்று அர்த்தம். பாஸானவர்களுக்கும் அதே இரண்டு தட்டுத்தான். பாதி ஊர் அந்தச் சத்தத்துக்கு வியர்த்திருக்கிறது.

வீட்டிலும் அந்தக் கை சும்மா இருக்காது. சாப்பிட்டு முடித்தால் தட்டின் விளிம்பில் டக் டக். போனை வைத்தால் மேஜையில் டக் டக். கணவர் லிஃப்ட் மெக்கானிக். மோட்டாரில் ஒரு நூல் அளவு கரகரப்பு இருந்தாலும் மூன்றாம் மாடியிலிருந்து கண்டுபிடித்துவிடுவார். மனைவி தட்டுகிற சத்தம் மட்டும் அவர் காதில் விழுவதை நிறுத்தி வெகுநாளாயிற்று. அவளுக்கோ ஆரம்பத்திலிருந்தே விழுந்ததில்லை.

நாய் மகளுடையது. வேறு ஊரில் வேலை கிடைத்துக் கிளம்பும்போது, "ரெண்டே வாரம்மா. வீடு பாத்ததும் வந்து கூட்டிட்டுப் போயிடுறேன்" என்று விட்டுப்போனாள். வீடு கிடைத்தது. நாய் வைத்துக்கொள்ளக் கூடாத வீடு. இரண்டு வாரம் மூன்று வருடமானது. மகள் வைத்த பெயர் ஏதோ இருந்தது, யாரும் கூப்பிடவில்லை. ஒரு வேலையும் செய்யாமல், எல்லா வேலையையும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்ததால் கணவர் அதற்கு மேனேஜர் என்று பெயர் வைத்தார். அது நிலைத்துவிட்டது.

மிருக டாக்டர் மேனேஜரைத் தராசில் ஏற்றினார். முள்ளைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"தினமும் நடக்க வைங்க. ரெண்டு பேரும்."

நடக்கப் போன இடத்தில்தான் வினை வந்தது. பூங்காவுக்குப் பின்னால் ஒரு பேட்மின்டன் அரங்கம். ஞாயிற்றுக்கிழமை காலை. உள்ளே அக்கார்டியன் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். தொப்பை வைத்த ஒரு மனிதர் பின்னோக்கி நடந்துகொண்டிருந்தார். அவருடைய கால்களுக்கு நடுவில் ஒரு கறுப்பு நாய் ஊசியில் நூல் கோப்பதுபோல் புகுந்து புகுந்து வந்தது. மனிதர் ஒரு சுற்று சுற்றினார். நாயும் சுற்றியது. இரண்டு முகத்திலும் ஒரே அக்கறை. அவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

வாசல் மேஜையில் உட்கார்ந்திருந்த பெண்மணி தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"சிரிச்சு முடிச்சாச்சா?"

"மன்னிச்சுக்குங்க. தெரியாம..."

"முடிச்சிட்டா உள்ள வாங்க. உங்க நாய் முன்னாடியே போயிடுச்சு."

மேனேஜர் களத்தின் நடுவில் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தது.

மேஜைப் பெண்மணி முப்பத்தைந்து வருடம் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு ஓய்வு பெற்ற நர்ஸ். எல்லோருக்கும் ஊசியக்கா. நாய் நடனத்தில் அந்த வட்டாரத்துக்கே தலைமை நடுவர். விஷயம் இவ்வளவுதான் என்று ஊசியக்கா சொன்னாள்: மூன்று நிமிடப் பாட்டு, ஒரு ஆள், ஒரு நாய். கயிறு கிடையாது, களத்துக்குள் பிஸ்கட் கிடையாது, அதட்டல் கிடையாது. கையாலும் காலாலும் கண்ணாலும் ஆள் சொல்ல வேண்டும், நாய் கேட்க வேண்டும். பார்க்கிறவர்களுக்குச் சொன்னதும் தெரியக்கூடாது, கேட்டதும் தெரியக்கூடாது, ஆட்டம் மட்டும் தெரிய வேண்டும். திறமைக்குப் பத்து மார்க், இருவருக்கும் நடுவில் இருக்கிற பேச்சுக்குப் பத்து மார்க்.

மார்க் என்ற வார்த்தை அவளைப் பிடித்துக்கொண்டது.

முதலில் ஆடித்தான் பார்த்தாள். எட்டு மாதம் கழித்து ஒரு போட்டியில் கலந்துகொண்டாள். கடைசி இடம். இடுப்புக்கு மேல் அவள் உடம்பு சீட் பெல்ட் போட்டதுபோல் இருந்தது. நடுவர் தாளில் ஊசியக்கா ஒரே வரி எழுதியிருந்தாள்: 'நாய் நன்றாக ஆடியது. பக்கத்தில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார்.'

கணவர் அந்தத் தாளைப் படித்துவிட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினார். மகள் போனில் மூச்சு முட்டச் சிரித்தாள். "அம்மா, போட்டோ எடுத்து அனுப்பும்மா, ப்ளீஸ்."

அவளுக்குக் கோபம் வரவில்லை. ஏனென்றால் அந்த வரி சரி. இன்னொன்றும் அன்றைக்குத் தெரிந்தது. தன் முறை முடிந்து ஓரமாக உட்கார்ந்து மற்றவர்களைப் பார்த்தபோது அவளுக்கு எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. அந்தத் தொப்பைக்காரர் திரும்புவதற்கு அரை நொடி முன்னால் தோளைத் தூக்குகிறார், நாய் தோளைப் பார்த்துத்தான் திரும்புகிறது, கையைப் பார்த்து இல்லை. பச்சைச் சட்டைப் பெண் மூச்சை இழுத்தால் நாய் பின்வாங்குகிறது. அது அந்தப் பெண்ணுக்கே தெரியாது. இருபத்தாறு வருடம் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, மனிதர்களின் கை எதைச் செய்யப்போகிறது என்று செய்வதற்கு முன்பே பார்த்த கண். ஆட வராது. ஆட்டத்தில் எது எங்கிருந்து வருகிறது என்பது மட்டும் துல்லியமாகத் தெரியும்.

"தோளத் தூக்காதீங்க" என்று தொப்பைக்காரரிடம் சொன்னாள். அவர் தோளைக் கட்டுப்படுத்தினார். நாய் குழம்பியது. மூன்று வாரம் குழம்பியது. நான்காவது வாரம் அவர்கள் இருவரும் வேறு ஆட்களாக இருந்தார்கள்.

அப்படித்தான் பயிற்சியாளர் ஆனாள். ஊசியக்கா ஒரு படிப்பில் சேர்த்துவிட்டாள், சான்றிதழ் வந்தது. ஞாயிறு ஏழிலிருந்து ஒன்பதுவரை அதே பேட்மின்டன் அரங்கத்தில் வகுப்பு. நாலு ஜோடி. அலுவலக அட்டையையும் பென்சிலையுமே கொண்டுபோவாள், வேறு எதைப் பிடித்தாலும் கை நிற்காது. ஒவ்வொரு ஜோடியும் ஆடி முடிக்கும்போது அட்டையில் டக் டக். நாய் வணங்கும், பிஸ்கட் வாங்கும், அடுத்த ஜோடி வரும். அவள் வகுப்பு நாய்கள் வணக்கத்தில் கெட்டி என்று பெயர் பரவியது.

மேனேஜரும் வகுப்புக்கு வந்து அவளுடைய நாற்காலிக்கு அடியில் படுத்திருக்கும். வீட்டில் புதிதாக ஒரு பழக்கம் தொற்றிக்கொண்டது. யாராவது கதவை இரண்டு தட்டுத் தட்டினால் ஓடிப்போய், முன்கால்களை நீட்டி, தலையைத் தரையோடு வைத்து வணக்கம் சொல்லும். வந்தவர்கள் உருகிப்போவார்கள்.

"என்ன மரியாதை பாருங்க!"

"என்கிட்ட மட்டும் கிடையாது" என்பார் கணவர். அவர் சாவி போட்டுத் திறந்து வருகிறவர்.

நாலாவது மாணவராக வந்தவர் பூட்டுக்காரர். கடைத்தெருவில் கதவு அகலத்துக்கு ஒரு கடை. சாவி வெட்டிக் கொடுப்பார், பூட்டுத் திறந்து கொடுப்பார். அவள் அவரை மூன்று முறை பெயில் போட்டிருந்தாள். முதல் முறை கண்ணாடியைப் பார்க்காமல் பின்னால் எடுத்தார். இரண்டாம் முறை நடுவழியில் நின்ற ஒரு புறாவுக்காக நாலு நிமிடம் காத்திருந்தார். புறா பொறுமையிழந்து நடந்தே போய்விட்டது. மூன்றாம் முறை கம்பத்தை இடித்துவிட்டு, கீழே இறங்கி, கம்பத்திடம் மன்னிப்புக் கேட்டார்.

அவர் அரங்கத்து வாசலில் நின்றார். பக்கத்தில் வெள்ளை மூட்டைபோல் ஒரு நாய். பெயர் பஞ்சு.

"மேடம், என்னை ஞாபகம் இருக்கா?"

"கம்பம்."

"ஆமா. நல்லா இருக்கா அது?"

அவள் சிரிக்காமல் இருக்கப் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"கடைக்கு வர்றவங்க இவனப் பாத்துட்டு உள்ள வரவே மாட்டேங்கறாங்க, மேடம். இவன் யாரையும் ஒண்ணும் பண்ண மாட்டான். டான்ஸ் ஆடினா பயம் போகும்னு சொன்னாங்க. இங்கயும் பெயில் உண்டா?"

"பெயில் கிடையாது. மார்க் மட்டும்தான்."

"அது இன்னும் மோசமாச்சே."

காரில் கை நடுங்குகிற பூட்டுக்காரர் பஞ்சுவோடு நின்றால் வேறு ஆள். பூட்டுத் திறக்கிறவருக்கு விரல் நுனியில் காது. அவர் சுண்டு விரலை மடக்கினால் அவ்வளவு பெரிய நாய் மெல்லப் பின்னால் நகரும். அவர் போட்டுவந்த ஆட்டமும் அவருடையதே: முன்னால் ஒரு கதவு இருப்பதாக வைத்துக்கொண்டு மண்டியிடுவார், சாவித்துளையில் கண்ணை வைப்பார், பஞ்சு அவரைச் சுற்றிச் சாவிபோல் திரும்பும். இடுப்பில் கட்டிய சாவிக்கொத்து தாளம் போடும். கடைசியில் கதவு திறக்க, உள்ளே போகுமுன் பஞ்சு அவரைப் பார்த்து வணங்க வேண்டும். அதைப் பார்க்கும்போது அவள் கையிலிருந்த பென்சில் நின்றுவிடும்.

அப்போதுதான் அவளுக்கு நடுவராக வேண்டும் என்ற ஆசை வந்தது. காரணத்தைக் கணவரிடம் மட்டும் சொன்னாள்.

"ஆபீஸ் பாரத்துல தப்புக்குத்தான் கட்டம் இருக்கு. முப்பத்திரெண்டு கட்டம். நல்லா ஓட்டினான்னு போட ஒரு கட்டம் கிடையாது. ஒரு தடவ, ஒரு பையன் எட்டு போட்டான் பாருங்க, தண்ணி ஊத்தின மாதிரி. எங்க எழுதறது அத? டக் டக்னு அனுப்பி வச்சேன்."

"அதுக்கு?"

"நடுவர் தாள்ல இருக்குங்க. பத்துக்குப் பத்து போட எடம் இருக்கு."

கணவர் யோசித்தார். "முப்பது வருஷமா லிஃப்ட்டுல ஆளுங்க ஏறி இறங்கறாங்க. நல்லா ஓடுதுன்னு ஒருத்தன் நின்னு சொன்னதில்ல. நீ போ. போய் போடு."

நடுவர் பரீட்சை எளிதில்லை. எழுத்துத் தேர்வு ஒன்று, அதில் தேறிவிட்டாள். அப்புறம் ஒரு நிஜப் போட்டியில் தலைமை நடுவருக்குப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து, அவர் தாளைப் பார்க்காமல், பத்து ஜோடிக்கும் மார்க் போட வேண்டும். இவள் போடுவது பரீட்சைத் தாள் மட்டும், போட்டிக் கணக்கில் சேராது. அதனால் தன்னிடம் படிப்பவர்களுக்கும் போடலாம். இரண்டு தாளுக்கும் இடையில் ஒரு மார்க்குக்கு மேல் இடைவெளி வரக்கூடாது. ஒரே ஒரு ஜோடியில் வந்தாலும் பெயில்.

இரண்டு மாதம் அவள் கண்ணில் பட்டதற்கெல்லாம் மார்க் போட்டுப் பழகினாள். கணவர் முகச்சவரம் செய்துகொண்டால், "திறமை ஏழு, பேச்சு நாலு."

"யாரோட பேச்சு?"

"கண்ணாடியோட."

போட்டி நாள் வந்தது. அதே அரங்கம். வலைகளைக் கழற்றி ஓரமாகச் சுருட்டி வைத்திருந்தார்கள். அறுபது பேர் மடக்கு நாற்காலியில். களத்தின் குறுக்கே இரண்டு மேஜை: ஒன்றில் ஊசியக்கா, ஒன்றில் அவள். நாற்காலிக்கு அடியில் மேனேஜர் தூக்கம். ஒன்பது ஜோடி ஆடி முடித்தார்கள். அவள் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தாள். அவளுக்குத் தெரியும், ஒன்பதும் அரை மார்க்குக்குள் இருக்கும். பச்சைச் சட்டைப் பெண்ணுக்குத் திறமையில் பத்துக்கு ஒன்பதரை போட்டபோது விரல் இனித்தது.

பத்தாவது பூட்டுக்காரரும் பஞ்சுவும்.

முதல் இரண்டு நிமிடம் அவள் எழுத மறந்தாள். சாவிக்கொத்து தாளம் தப்பவில்லை. பஞ்சு திரும்பிய ஒவ்வொரு திருப்பத்திலும் யாருமே இல்லாத கதவில் ஒரு பூட்டு விட்டுக்கொடுத்தது. கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது.

நாலாவது வரிசையில் யாரோ சிப்ஸ் பொட்டலத்தைப் பிரித்தார்கள்.

பஞ்சு நின்றது. மூக்கு நாலாவது வரிசைப் பக்கம் திரும்பியது. அப்படியே உட்கார்ந்தது. பூட்டுக்காரர் சுண்டு விரலை மடக்கினார். பஞ்சு பார்க்கவில்லை. கையை விரித்தார். பார்க்கவில்லை. பாட்டில் இன்னும் இருபது நொடி இருந்தது. அவர் கைகளைத் தொங்கவிட்டு நின்றார். முகத்தில் அதே பழைய முகம். கம்பத்துக்கு முன்னால் நின்ற முகம்.

போச்சு, முடிந்தது என்று நினைத்தாள். நினைத்தது மனம். மற்றதைக் கை பார்த்துக்கொண்டது.

டக் டக்.

பஞ்சு எழுந்தது. திரும்பியது. முன்கால்களை நீட்டி, தலையைத் தரையோடு வைத்து, அரங்கமே பார்க்க வணங்கியது. பாட்டில் இருந்த அக்கார்டியனின் கடைசி மூச்சும் அதே நொடியில் நின்றது.

அறுபது பேரும் எழுந்துவிட்டார்கள். விசில், கைதட்டல். பஞ்சு சும்மா உட்கார்ந்திருந்ததும் ஆட்டத்தில் ஒரு பகுதி என்று அவர்கள் நினைத்தார்கள்: கதவு திறக்கவில்லை, திறக்கவில்லை, கடைசியில் திறந்தது! ஊசியக்காவின் பேனா தாளில் ஓடுகிற சத்தம் கேட்டது. அது தாராளமாக எழுதுகிற பேனாவின் சத்தம்.

பூட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. வாழ்க்கையில் முதல் கைதட்டல். பஞ்சுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டார்.

அவள் மட்டும் உட்கார்ந்திருந்தாள். அவள் பார்த்தது வேறு. வணக்கம் பூட்டுக்காரரைப் பார்த்து இருக்க வேண்டும். பஞ்சு அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வணங்கியது. வணங்கியது அவளை.

குனிந்தாள். நாற்காலிக்கு அடியில் மேனேஜரும் வணங்கிய நிலையில் இருந்தது. பிஸ்கட் எங்கே என்று மேலே பார்த்தது.

அவள் தன் கையைப் பார்த்தாள். பென்சிலைப் பார்த்தாள். வகுப்பில் ஒவ்வொரு ஞாயிறும், ஒவ்வொரு ஆட்டத்தின் முடிவிலும். தட்டு, வணக்கம், பிஸ்கட். வாசல் கதவு. விருந்தாளிகள். மரியாதை! ஒன்றரை வருடமாக எல்லாருடைய தோளையும் மூச்சையும் கண்டுபிடித்தவளுக்குத் தன் கை தெரியவில்லை.

தாள் காலியாக இருந்தது. என்ன எழுதினால் பாஸ் என்று அவளுக்குத் தெரியும். ஊசியக்கா பதினெட்டு போட்டிருப்பாள், குறைந்தால் பதினேழரை. இவளும் பதினெட்டு எழுதினால் நடுவர். யாருக்கும் நஷ்டமில்லை. பூட்டுக்காரருக்கு இரண்டாம் இடம் நிச்சயம், முதல் இடம்கூடக் கிடைக்கலாம். அந்த மனிதர் அங்கே நாய் முதுகில் முகத்தை வைத்து அழுகிறார்.

வெகுநேரம் பென்சில் காகிதத்தைத் தொடவில்லை. லைசென்ஸ் மைதானத்தில் எத்தனையோ கார்கள் கோட்டின்மேல் அழகாக நின்றிருக்கின்றன. அழகாக நின்றதற்குக் காரணம் இவள் கால். அந்தக் கட்டத்தில் டிக் போட அவள் ஒருநாளும் யோசித்ததில்லை. இந்தத் தாளில் அந்தக் கட்டம் இல்லை. அடித்து அடித்துக் கூட்டினாள். திறமை ஏழு. பேச்சு நாலரை. மொத்தம் பதினொன்றரை. ஓரத்தில் எழுதினாள்: 'கடைசியில் பிரேக் பிடித்தது நான்.'

தாள்களை ஒப்பிட்டது அரங்கத்தின் மூலையில், ஊசியக்காவும் போட்டிச் செயலாளரும். செயலாளர் பகலில் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். ஒன்பது ஜோடிவரை தலையாட்டிக்கொண்டே வந்தவர் பத்தாவதில் நின்றார்.

"இங்க ஆறரை மார்க் இடிக்குது. என்னது இது, பிரேக்கு?"

"அந்த வணக்கம் அவர் கேட்டது இல்ல" என்றாள் அவள். "நான் கேட்டது."

"நீங்க வாயே தொறக்கலையேம்மா. நான் பக்கத்துலதான இருந்தேன்" என்றாள் ஊசியக்கா.

"தட்டினேன்."

"என்ன தட்டினீங்க?"

சொன்னால் நம்பமாட்டார்கள் என்று தெரிந்தது. அவள் நிமிர்ந்து அரங்கத்தைப் பார்த்தாள். பரிசளிப்புக்காகப் பத்து ஜோடியும் ஆங்காங்கே நின்றிருந்தார்கள். பேச்சு, சிரிப்பு, யாரோ போட்டோ எடுத்தார்கள். அவள் அட்டையைத் தூக்கிப் பிடித்தாள்.

டக் டக்.

தொப்பைக்காரரின் கறுப்பு நாய் வணங்கியது. பச்சைச் சட்டைப் பெண்ணின் நாய் வணங்கியது. வகுப்புக்கு வரும் மூன்றாவது நாய் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது, கிண்ணத்துக்குள்ளேயே வணங்கித் தும்மியது. பஞ்சு பூட்டுக்காரரின் பிடியிலிருந்து நழுவி வணங்கியது. மேஜைக்கடியிலிருந்து மேனேஜர் வெளியே வந்து, எல்லோருக்கும் முன்னால் நின்று, நிதானமாக வணங்கியது. மற்ற ஆறு நாய்களும் இவற்றைப் பார்த்துக்கொண்டு நின்றன, வேறு மதத்தைச் சேர்ந்தவைபோல.

கண்ணாடிக் கடைக்காரர் மூக்கில் விரல் வைத்தார்.

ஊசியக்கா நேரம் எடுத்துக்கொண்டு தன் தாளில் பதினெட்டை அடித்தாள். பதினொன்றரை என்று எழுதினாள். கையெழுத்துப் போட்டாள். பிறகு அவளைப் பார்த்தாள்.

"உங்க மார்க் சரி. என் மார்க்தான் தப்பு. நான் அது முதுகக் காட்டினதப் பாக்கல. நீங்க பாத்தீங்க."

"அக்கா..."

"இருங்க. இன்னும் முடியல. நடுவர் களத்துக்குள்ள கை வைக்கக் கூடாது. அட்டையத் தட்டினாலும் கை வச்ச மாதிரிதான். மார்க் பாஸு. கை பெயிலு. ஆறு மாசம் கழிச்சு வாங்க."

அவள் தலையாட்டினாள். "எங்க பாரத்துல இதுக்குத் தனிக் கட்டமே இருக்குக்கா" என்றாள்.

பூட்டுக்காரருக்கு இரண்டாம் இடம் போய் ஆறாம் இடமானது. அவரிடம் அவளே போய்ச் சொன்னாள். அவர் பஞ்சுவின் காதைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"அப்ப இது நாலாவது தடவை."

"ஆமா."

"ரெண்டு நிமிஷம் நல்லா இருந்துச்சு, மேடம். அந்த கைதட்டல்." பிறகு அவர் உதட்டோரம் அசைந்தது. "ஆனா இந்த தடவ நீங்களும் பெயில்."

"நானும் பெயில்."

"எப்படி இருக்கு?"

"மோசமா இருக்கு."

"பழகிடும்" என்றார் பூட்டுக்காரர்.

இரவுச் சாப்பாட்டின்போது விஷயத்தைக் கேட்ட கணவர் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் சாப்பிட்டு முடித்தாள். டக் டக். அவர் கரண்டியைக் கீழே போட்டார். "அடக் கடவுளே, எத்தன வருஷமா?" என்றார். மேஜைக்கடியில் மேனேஜர் வணங்கியது.

ஆறு மாதம் இரண்டு வேலை. ஒன்று நாய்களுக்கு மறக்கவைப்பது. வகுப்பு ஆரம்பத்தில் அவள் அட்டையை ஐம்பது முறை தட்டுவாள். நாலு நாயும் வணங்கும், காத்திருக்கும், ஒன்றும் கிடைக்காது. மூன்றாவது ஞாயிறு அரைகுறையாகக் குனிந்தன. ஐந்தாவது ஞாயிறு பஞ்சு அவளைப் பார்த்துக் கொட்டாவி விட்டது. அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். மேனேஜர் மட்டும் மறக்கவில்லை. அதிகாரத்தில் இருப்பவர்களுக்குப் புதிதாகக் கற்றுத்தர முடியாது என்றார் கணவர்.

இன்னொரு வேலை கையை அடக்குவது. அது நாய்களைவிடக் கஷ்டம். பென்சிலை விட்டுப் பார்த்தாள், விரல் தட்டியது. கையைக் கட்டிப் பார்த்தாள், முழங்கையில் தட்டியது. கடைசியில் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்தாள். அலுவலகக் காரிலும் அப்படியே. லைசென்ஸுக்கு வந்தவர்கள் இதைப் பார்த்து இன்னும் பயந்தார்கள். பக்கத்து மைதானத்தில் பரீட்சை வைக்கிற அதிகாரி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

"என்ன மேடம், குளிருதா?"

அந்த அதிகாரியிடம்தான் பூட்டுக்காரர் ஐந்தாம் மாதம் போய்ப் பரீட்சை கொடுத்தார். அவள் கொடுத்த யோசனை: ஸ்டியரிங்கைப் பூட்டு என்று நினைத்துக்கொள்ளுங்கள், விரல் நுனியால் பிடியுங்கள். பாஸ். அவர் கடை திறந்ததிலிருந்து முதல் முறையாகப் பகலில் கடையை அடைத்துவிட்டு ஊரைச் சுற்றினார்.

மறுபரீட்சை பக்கத்து ஊரில். அன்று காலை வாசலில் ஹார்ன் அடித்தது. பழைய கார், பின்னிருக்கை முழுக்கப் பஞ்சு.

"ஏறுங்க மேடம். நான் கூட்டிட்டுப் போறேன்."

கணவர் மாடி ஜன்னலிலிருந்து கேட்டார், "ஏம்மா, நெஜமாவே போறியா?"

அவள் மேனேஜரைப் பின்னால் ஏற்றிவிட்டு முன்னால் உட்கார்ந்தாள். கை தொடைக்கு அடியில் போனது. காலடியில் வெறும் ரப்பர் விரிப்பு. அங்கே எதுவும் இல்லை என்பதை அவள் வலது கால் ஒப்புக்கொள்ள முக்கால் மணி நேரம் ஆனது. ஒரு இடத்தில் புறா வந்தது. அவர் ஹார்ன் அடித்தார். புறா பறந்தது. இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

அந்த ஊர் அரங்கத்தில் பத்து ஜோடி. அவள் கைமேல் உட்கார்ந்து பார்த்தாள். மார்க்கை வாயால் சொல்ல, பக்கத்தில் ஒரு கல்லூரிப் பெண் எழுதினாள். நடுவில் ஒரு குட்டி நாய், பாட்டு முடியப் பத்து நொடி இருக்கும்போது, தன் வாலைத் துரத்த ஆரம்பித்தது. அவள் கை உள்ளே துடித்தது. அவள் இன்னும் அழுத்தி உட்கார்ந்தாள். குட்டி வாலைப் பிடித்துவிட்டது, தானே ஆச்சரியப்பட்டது, தன் ஆளைத் தேடியது, ஓடிப்போய் அந்த ஆளின் பாதத்தில் விழுந்தது. அதற்குப் பேச்சில் எட்டரை சொன்னாள். ஊசியக்காவும் எட்டரை.

பத்தும் அரை மார்க்குக்குள் இருந்தன.

ஊசியக்கா நடுவர் அட்டையை நீட்டினாள். வாங்கக் கை வரவில்லை. மரத்துப்போயிருந்தது. அட்டை நழுவிக் கீழே விழுந்தது. மேனேஜர் அதை வாயில் கவ்விக்கொண்டு நாற்காலிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. இரண்டு பல் பதிந்த அந்த அட்டையைத்தான் அவள் இன்றுவரை போட்டிகளுக்குக் கொண்டுபோகிறாள். மாற்றித் தர முடியாது என்று கண்ணாடிக் கடைக்காரர் எழுதியே கொடுத்துவிட்டார்.

திரும்பி வரும்போது பூட்டுக்காரர் வெகுநேரம் எதையோ மனதுக்குள் திருப்பிக்கொண்டிருந்தார். பிறகு சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"நடுவருக்கு ஒரு விதி உண்டில்ல மேடம்? தன்கிட்ட படிக்கறவங்களுக்கு நெஜப் போட்டியில மார்க் போடக் கூடாதுன்னு?"

"உண்டு."

"அப்ப இனிமே உங்களால என்னை பெயில் போட முடியாது."

அவள் அதைச் சரிபார்த்தாள். ஓட்டை இல்லை.

"முன்னால பாத்து ஓட்டுங்க" என்றாள். அவள் வலது கால் ரப்பர் விரிப்பை அழுத்திக்கொண்டிருந்தது.